கயிறு என்ன ஆயிற்று?

ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு எவ்வளவு குறைவாகப் பேச முடியும் என்று யாராவது போட்டி வைத்திருந்தால், தொண்ணூற்றொன்றில் நானும் என் மனைவியும் சுலபமாக முதல் பரிசு வாங்கியிருப்போம். அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. அவள் குன்றத்தூர்க்காரி. பெண் பார்க்கப் போனபோது வாயே திறக்கவில்லை. கூச்சம், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் "சாப்பாடு போடட்டா", "சுடுதண்ணி வெச்சாச்சு" என்பதோடு சரி. என்னைக் குறை சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை. கம்பெனியில் ஊர்வம்பெல்லாம் பேசுகிற நான், வீட்டு வாசற்படி ஏறியதும் ஊமையாகிவிடுவேன். என்ன பேசுவது என்றே தெரியாது.

பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நான் வேலை செய்தது பெங்களூர் ரோட்டில், லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை செய்யும் ஒரு கம்பெனியில். மெயின்டனன்ஸ் பிரிவு. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் இரண்டாவது ஷிப்ட் என்று மாறி மாறி வரும். இரண்டாவது ஷிப்ட் என்றால் மத்தியானம் போனால் வீடு திரும்ப ஊரே தூங்கியிருக்கும்.

எங்கள் வாயைத் திறந்துவைத்த புண்ணியம் ஒரு டிவி தொடருக்குத்தான் சேரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போடுவார்கள். சண்டை, துப்பாக்கி, ஜீப் துரத்தல் எல்லாம் உண்டு. முறுக்கு மீசை வைத்த ஒரு ரகசிய போலீஸ் அதிகாரிதான் கதாநாயகன். வீட்டுக்காரர் கூடத்தில் டிவி இருந்தது. பெண்கள் உள்ளே பாய் போட்டு உட்காருவார்கள், ஆண்கள் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்போம். இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அப்படி ஒரு புதன்கிழமை காலையில், ஏதாவது பேசவேண்டுமே என்று, "நேத்து அந்த நாடகம் இன்னா ஆச்சு?" என்று கேட்டுவைத்தேன்.

கேட்டதுதான் தாமதம். காபி டம்ளரை என் முன்னால் வைத்தவள் எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தாள். வில்லன் எப்படிச் சிரித்தான், ஜீப் எந்தத் திருப்பத்தில் கவிழ்ந்தது, யார் யாருக்குப் பின்னால் ஒளிந்தார்கள், ஒன்று விடவில்லை. கரண்டி துப்பாக்கியானது. அடுப்பங்கரைத் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுட்டாள். நான் காபி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு இவ்வளவு பேச வருமா என்று ஆச்சரியம். சந்தோஷம் என்றும் சொல்லலாம். அதற்குப் பிறகு இரண்டாவது ஷிப்ட் வாரம் எப்போது வரும் என்று காத்திருக்கிற ஒரே ஆள் எங்கள் கம்பெனியில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

முதல் பாகத்தை அநியாயமான இடத்தில் நிறுத்தினார்கள். மலைப் பள்ளத்தாக்கில் ஒரு கயிற்றில் அதிகாரி தொங்குகிறார். மேலே வில்லன் கத்தியால் கயிற்றை அறுக்கிறான். கயிறு நார்நாராகப் பிரிகிறது. "தொடரும்." அவ்வளவுதான். இரண்டாம் பாகம் சில மாதம் கழித்து என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பெனியில் யாருக்கும் வேலை ஓடவில்லை. நாங்கள் நாள் முழுக்கக் கயிற்றிலும் சங்கிலியிலும் பாரம் தூக்குகிறவர்கள். எங்களிடம் போய்க் கயிற்றைக் காட்டினால் சும்மா விடுவோமா? பாரம் தூக்கக் கயிறு கட்டுவதில் எங்கள் பிரிவில் கைதேர்ந்த ஒருவர், என்னைவிட ஓரிரு வயது மூத்தவர், அடித்துச் சொன்னார். "அது மூணு புரி கயிறுபா. ரெண்டு புரி அறுந்தாலும் மீதி ஒரு புரி ஒரு ஆள தாராளமா தாங்கும். அவன் சாவமாட்டான்." லேத் பிரிவுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டீ நேரத்தில் கயிறு கட்டி மணல் மூட்டையைத் தொங்கவிட்டு நிரூபிக்கிற அளவுக்குப் போய், சூப்பர்வைசர் வந்து கத்திய பிறகுதான் அவரவர் மெஷினுக்குப் போனோம்.

அந்தப் புரி விஷயத்தை வீட்டில் வந்து சொன்னேன். துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றின் நுனியைப் பிரித்து, "பாரு, இது மூணு புரி. வில்லன் இந்த ரெண்டதான் அறுத்துகிறான்" என்று காட்டினேன். அவள் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப தப்பிச்சிருவாரா?" என்றாள். "கண்டிப்பா" என்றேன், நானே தொடரை எடுக்கிறவன் மாதிரி. ஆனால் ஒரு கயிற்றை எத்தனை நாள்தான் பேசுவது? சில வாரத்தில் அந்தப் பேச்சும் தீர்ந்தது. "சுடுதண்ணி வெச்சாச்சு" காலம் திரும்பிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் இரண்டாம் பாகம் ஆரம்பமாகும் என்று டிவியில் சொன்னார்கள். எனக்கு அது இரண்டாவது ஷிப்ட் வாரம். நல்லவேளை என்றுதான் முதலில் நினைத்தேன், கதை சொல்ல அவள் இருக்கிறாள். பிறகு ஆசை விடவில்லை. கயிறு என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்க்கவேண்டும். ஷிப்ட் மாற்றிக்கொள்ள யாராவது கிடைப்பார்களா என்று காலை ஷிப்ட்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய் நின்றேன். மாமனார் செத்துப்போயிருந்தால்கூட அந்தச் செவ்வாய்க்கிழமையை விட்டுக்கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். எரிந்துபோன ஒரு மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச் சுருள் கட்ட ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் கொடுத்திருந்தோம். வேனில் போய் எடுத்துவரச் சொன்னார். போனால், "வார்னிஷ் இன்னும் காயல. ஒரு மணி நேரம் வெயிட் பண்ணுங்க" என்றார் கடைக்காரர். வேறு நாளாக இருந்தால் அவரைத் திட்டியிருப்பேன். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஏனென்றால் பக்கத்திலேயே ஒரு டிவி ரிப்பேர் கடை. கண்ணாடிக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் தூறலில் நனைந்துகொண்டு ஒரு கூட்டம். டிரைவரும் நானும் போய் இடித்துக்கொண்டு நின்றோம்.

தொடரின் ஆரம்பப் பாட்டு முடிந்தது. மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. நேராக ஓர் ஆஸ்பத்திரி. கட்டிலில் முகம் முழுக்கக் கட்டுப் போட்ட ஒரு ஆள். ஒரு நர்ஸ் வந்து கட்டைப் பிரிக்கிறாள். பிரித்தால், உள்ளே வேறு யாரோ!

"யாருய்யா இவன்?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"நம்மாளு எங்க? மீசை எங்க?"

"மூஞ்சிக்கு ஆபரேசன் பண்ணிகிறாங்களாம். டாக்டர் சொல்றான் பாரு."

"ஆபரேசன் பண்ணா குரலுகூட மாறிப்பூடுமா? காசு தகராறுல பழைய ஆளு கோச்சிக்கினு போய்ட்டான். அதான் விசயம்."

பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்த ஓர் அம்மா, "இந்தப் பால் வடியற மூஞ்சி போய் அந்த வில்லன அடிக்குமா?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பாதிக் கூட்டம் அவர் பின்னாலேயே கலைந்தது. நான் கடைசிவரை நின்றேன். பச்சை ஜீப்பில் யாரோ யாரையோ துரத்தினார்கள். நர்ஸ் இரண்டு முறை அழுதாள். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மோட்டாரை வேனில் ஏற்றும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

திரும்பும் வழியில் கோபம் போய் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அவள் எதற்குக் கதை சொல்லப்போகிறாள்? நாளைக்கு என்னத்தைப் பேசுவது? எத்தனையோ மாதம் கழித்து வருகிற புதன்கிழமை. அதைப் போய்க் கெடுத்துக்கொள்வதா? வேலை நேரத்தில் டிவி பார்த்ததைக் கம்பெனியில் டிரைவரும் நானும் எப்படியும் சொல்லப்போவதில்லை. வீட்டிலும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

காலையில் பல் விளக்கக் குழாயடிக்குப் போனேன். வீட்டுக்காரர் மின்சார ஆபீஸை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு நின்றார். "இன்னா தம்பி, நேத்து சாயங்காலம் பொழுது சாயறப்போ போன கரண்டு, இன்னும் வரல. ஊரே நாடகத்துக்கு வந்து குந்திகினு, இருட்டுல எழுந்து போச்சு. எங்க வூட்ல ஒரே பொலம்பல்."

ராத்திரி நான் வந்தபோது இருட்டாக இருந்ததை, மழைக்கு அப்போதுதான் கரண்டு போயிருக்கும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். ஆக, அவள் பார்க்கவில்லை! ஒரு கணம் சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. சரி, இந்த முறை நான் சொல்கிறேன், அவள் கேட்கட்டும். பேச்சு நின்றுவிடாது. நர்ஸ் மாதிரி அழுதுகாட்டலாமா, அந்தப் பூக்கார அம்மாவிலிருந்து ஆரம்பிக்கலாமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

நான் வாயெடுப்பதற்கு முன் டம்ளரை வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நேத்து கதைய சொல்லட்டா?" என்றாள்.

"ம்" என்றேன்.

"வில்லன் கயித்த அறுத்துட்டான். ஒரு புரி போச்சு. ரெண்டாவது புரியும் போச்சு. இவரு கீழ பாக்கறாரு, பாதாளம். ஆனா மூணாவது புரி கீது பாருங்க, அது அப்படியே நிக்கிது. நீங்க சொன்னா மாதிரியே! அத புடிச்சிகினு மெதுவா மெதுவா..." அவள் இரண்டு கையாலும் காற்றில் கயிறு பிடித்து இறங்கினாள். கீழே சுள்ளி பொறுக்க வந்த பொம்பளைகள் அவரைப் பார்க்கிறார்கள். தூக்கிக்கொண்டுபோய்க் குடிசையில் படுக்கவைக்கிறார்கள். கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொடுக்கிறார்கள். ரகசிய போலீஸ் அதிகாரி கருவாட்டைக் கடித்துக்கொண்டு கூழ் குடிக்கிறார்! மீசையில் ஒட்டியதை ஒரு கிழவி துடைத்துவிடுகிறாள். வில்லன் தேடி வரும்போது அவருக்கு முக்காடு போட்டு நடுவில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இருட்டில் படுத்துக்கொண்டு இத்தனையும் யோசித்திருக்கிறாள். என் மூணாவது புரியை மறக்காமல் எடுத்துவைத்து, அதன்மேல் ஒரு ஆளைத் தொங்கவிட்டிருக்கிறாள். நான் கவனமாகக் கேட்கிறேன் என்று காட்ட ஏதாவது கேட்கவேண்டும் என்று அவசரப்பட்டேன்.

"அப்ப அந்த நர்ஸ்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

கயிறு பிடித்த கை காற்றிலேயே நின்றது. "எந்த நர்ஸ்?"

நான் காபியைப் பார்த்தேன்.

"பாத்துட்டீங்களா?" என்றாள். முகம் சுண்டிவிட்டது. தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள். போயிற்று, இனி "சுடுதண்ணி வெச்சாச்சு"தான் என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் வார்னிஷ் காயாத மோட்டாரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, கட்டு, புது மூஞ்சி, பூக்கார அம்மா.

அவள் தலை நிமிரவில்லை. "நீங்க அவ்ளோ ஆசையா இருந்தீங்க. கரண்டு இல்ல, பாக்கலன்னு சொல்ல மனசு வரல" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "அதுவும் இல்லன்னா நாம வேற இன்னா பேசறது?" என்றாள்.

எனக்கு மட்டும்தான் அந்தப் பயம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

திடீரென்று நிமிர்ந்தாள். "அது கெடக்கட்டும். கயிறு இன்னா ஆச்சு?"

"கயித்த பத்தி ஒண்ணுமே சொல்லல."

"இன்னாது?" அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அத்தினி மாசம் தொங்கவிட்டுட்டு, இன்னா ஆச்சுன்னே சொல்லலியா? எப்படி எறங்கினாருன்னு வாணாவா? கேக்கறவன் கேனையனா?" அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்கும் வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா என்னவோ ஏதோ என்று வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமா சொல்லுங்க. அது நல்லாகீதா, நான் சொன்னது நல்லாகீதா?" என்றாள்.

"நீ சொன்னதுதான்" என்றேன். "மீதியும் சொல்லு. முக்காடு போட்டாங்களே, அப்புறம்?"

அன்றைக்கு நான் ஷிப்டுக்கு ஓடித்தான் போகவேண்டியிருந்தது.

கம்பெனியில் காலை ஷிப்ட்காரர்கள் போகிற போக்கில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். டீ நேரத்தில் எங்கள் பிரிவே எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. புது மூஞ்சியைக்கூட மன்னித்துவிட்டார்கள். கயிற்றை மன்னிக்கவில்லை. பாரம் தூக்கக் கயிறு கட்டுகிறவர் பன்னைத் தொடவே இல்லை. "எங்க வூட்ல வேற கத" என்று ஆரம்பித்தேன். கையால் கயிறு பிடித்துக் காட்டினேன். மூணாவது புரிக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முக்காட்டுக்கு வந்தபோது லேத் பிரிவுக்காரர்களும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இது கத!" என்று அவர் தொடையைத் தட்டினார். "கயிறப் பத்தி தெரிஞ்ச ஆளுபா உங்க வூட்டம்மா. அப்புறம் இன்னா ஆச்சு? வில்லன் கண்டுபுடிச்சிட்டானா?"

"தெரியல. நாளைக்குக் கேட்டுகினு வந்து சொல்றேன்" என்றேன்.

டீ நேரம் முடிந்து மணி அடித்தது. மெஷினுக்குத் திரும்பியும் கை வேலையில் நிற்கவில்லை. அவர் தொடையைத் தட்டியதை, லேத்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றதை, அவளிடம் எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி முதல்முறையாக, வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கும் ஒரு கதை இருந்தது.