சரிங்க, மறுபடி கூப்பிடறனுங்க

நாகப்பட்டினம் பக்கம் புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். என் மகளை நாகப்பட்டினத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ராத்திரியெல்லாம் போன் கிடைக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் தலையில் துண்டு கட்டிய ஒருவர், தூக்கமில்லாத முகத்தோடு போனைக் காதில் வைத்திருந்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதிவுசெய்த குரல் சொல்லும். "சரிங்க, மறுபடி கூப்பிடறனுங்க" என்று அதற்குப் பணிவாகச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

அத்தனை கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்கண்ணா, அது மிசினுங்க."

"தெரியுமுங்க அம்மிணி. ராத்திரியிலிருந்து எனக்குப் பதில் சொல்றது அது ஒண்ணுதானுங்க. பையன் வேதாரண்யத்துல உப்பு லாரி ஓட்டறான்."

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. மகள்தான். ஓடெல்லாம் பறந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம் என்றாள். நான் அழுதேன். அவர் தனக்கே சேதி வந்ததுபோலக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மறுபடியும் போனைக் காதில் வைத்தார்.

பொள்ளாச்சியில் இறங்கிய கூட்டத்தில் அவரைத் தவறவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் மகளுக்கு அர்ச்சனை முடிந்ததும் இன்னொரு தட்டை நீட்டினேன். பூசாரி பெயரும் நட்சத்திரமும் கேட்டார். தெரியாதென்றேன்.

"அப்ப சாமி பேருக்கே பண்ணிரலாமுங்க."

"வேண்டாமுங்க. உப்பு லாரி ஓட்டற பையன்னு சொல்லுங்க. ஆத்தாளுக்குத் தெரியும்."