கமலாவின் கார்டுக் கட்டில் மூன்று வெள்ளை இடங்கள்

கமலா வேலையை விட்டுப் போன மறுநாள், அவர் மேசையைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. கல்கத்தாவில் தேர்வு முடிவுகளைக் கம்ப்யூட்டரில் தயாரித்துத் தரும் சின்ன ஆபீஸ்.

அப்போதெல்லாம் புரோகிராம் என்றால் துளையிட்ட கார்டுக் கட்டு. வரிக்கு ஒரு கார்டு. மாஸ்டர் கட்டு இரும்பு பீரோவில் பூட்டியிருக்கும். ஆளுக்கொரு நகல் வைத்துத் திருத்துவோம். வரிசை குலைந்தால் தெரிவதற்காக, நகலின் மேல்விளிம்பில் சாய்வாக ஒரு கோடு. எனக்குச் சிவப்பு, கமலாவுக்குப் பச்சை. புதுக் கார்டு செருகினால் அங்கே கோடு விட்டுப்போகும். அதைச் சோதித்து மாஸ்டரில் சேர்த்த பிறகே கோட்டை நிரப்பலாம்.

மேனேஜர் சேஷாத்ரி சார் கும்பகோணத்துக்காரர். "ஆத்துல ரெண்டு கடியாரம் இருந்தா மணி என்னன்னே தெரியாதுப்பா. அவ கட்டைத் தூக்கிப் போடு. நாலு மணிக்குப் பழைய பேப்பர்காரன் வரான்."

"ஒருதரம் பாத்துட்டுப் போடறேன் சார்."

"எதை, கார்டையா?" என்றார்.

கார்டைப் பார்ப்பதற்காக அல்லதான். இரண்டு வருடம் எதிர் மேசை. ஒன்றும் சொல்லாமலே இருந்துவிட்டேன். அவர் கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போகிறார். கட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்க ஆசை, அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திருப்பினேன். பச்சைக் கோட்டில் மூன்று வெள்ளை இடங்கள்.

முந்தின நாள் ஜாதவ்பூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது கமலா சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது: "அந்த ஆப்சென்ட் கேஸ் டெஸ்ட் பண்ண மெஷின் டைம் கிடைக்கல. நீங்க எக்டு பாத்துக்கோங்க." 'எக்டு' என்றால் வங்காளத்தில் கொஞ்சம். நான் தலையாட்டியிருந்தேன். கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு சரியில்லாமல் பரீட்சைக்கு வராத பிள்ளைகளையும் எங்கள் புரோகிராம் ஃபெயில் என்று அச்சடித்துவிடும். அதைத் தடுப்பவை அந்த மூன்று கார்டுகள். மறுநாள் அச்சு.

விஷயத்தைச் சொன்னதும் சார் உடனே மெஷின் டைம் வாங்கித் தந்தார். அந்த மூன்று கார்டுகளோடு புரோகிராம் சரியாக ஓடியது. "நான் சொன்னா உடனே செய்யறவன் நீ, இன்னிக்கு மட்டும் செய்யலை. க்ஷேமமா இரு" என்றார்.

மூன்றையும் மாஸ்டரில் சேர்த்தேன். மற்ற கார்டுகளை ஒவ்வொன்றாக மாஸ்டரோடு ஒப்பிட்டேன். எல்லாம் அங்கே இருந்தன. பிறகுதான் கட்டைப் பேப்பர்காரனிடம் கொடுத்தேன். வைத்துக்கொள்ள மனம் கெஞ்சியது. வைத்திருந்தால் என்றாவது யாராவது அந்தப் பழையதை எடுத்து ஓட்டியிருப்பார்கள்.

நகல் எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள். ஒன்றை அழிக்குமுன், அதில் மட்டுமே இருப்பது என்ன என்று பாருங்கள். நான் கற்றது இதுதான்.

அன்று சாயங்காலம் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். 'உங்கள் மூன்று கார்டுகளும் மாஸ்டரில் சேர்ந்துவிட்டன' என்று எழுதினேன். மிச்ச இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே ஒட்டித் தபாலில் போட்டேன்.