லெட்டர் அக்காவின் பரிந்துரை

பேராசிரியரின் நாற்காலியில் உட்காராமல், பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவருடைய மின்னஞ்சலைத் திறந்து அவர் பெயரில் எழுதத் தொடங்கிவிடுவார் லெட்டர் அக்கா. தரவு அறிவியல் துறையின் ஆய்வகப் பொறுப்பாளர் என்பதெல்லாம் சம்பளச் சீட்டில் மட்டும்தான். முனைவர் பட்டத்துக்கு இடம் தேடும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது அவர், கையெழுத்து பேராசிரியருடையது.

கடிதத்தோடு விடமாட்டார். எந்தப் பல்கலைக்கழகத்தில் யார் எதை ஆராய்கிறார்கள் என்று துருவித் துருவிப் பார்ப்பார். "இவருக்கு எழுது. இவர்கிட்ட இருந்த ஆள் போன மாசம்தான் முடிச்சுட்டுக் கிளம்பியிருக்கு, இடம் காலியாத்தான் இருக்கும்" என்பார். கூச்சப்பட்டு நெளிபவர்களிடம், "உன்னைப் பத்தி நீ நாலு வரி சொல்லு, மிச்சத்தை நான் ஊதிப் பெருசாக்கறேன்" என்பார். அப்படி ஊதியதில் இருபத்தாறு பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. கிடைத்தவர்கள் உருகி உருகி நன்றி எழுதுவார்கள், பேராசிரியருக்கு. அதற்குப் பதில் போடுவதும் அக்காதான்.

இந்த ஆண்டு அக்காவே விண்ணப்பித்தார். உதவித்தொகைக்கு வயது வரம்பு நாற்பது. இரண்டு மாதத்தில் அதைத் தாண்டிவிடுவார். இதை விட்டால் இல்லை. தயங்கித் தயங்கிப் பேராசிரியரிடம் கடிதம் கேட்டபோது, "நீயே எழுதிடேம்மா, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்களைப் புகழ்வது அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் விழி பிதுங்கிவிட்டது. "நேரம் தவறாதவர்" என்று எழுதி அழித்தார். "பொறுப்பானவர்" என்பதும் போயிற்று. நான்கு நாள் மதிய இடைவேளை இப்படியே கழிந்தது. "ஊருக்கெல்லாம் அள்ளி விடறே, உனக்குன்னா மட்டும் கை நகர மாட்டேங்குதா?" என்றார் கணவர்.

ஐந்தாம் நாள் ஒரு வரி வந்தது. 'பதினோரு ஆண்டுகளாக என் ஆய்வகத்தில் இவர் கை படாத கட்டுரை ஒன்றுகூட வெளியே போனதில்லை.' அத்தனையும் உண்மை, ஊதவே இல்லை. படித்துப் பார்த்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கடைசி நாளன்று பேராசிரியர் ஜன்னலோரம் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெட்டரை ஒரு தடவை படிச்சுடறீங்களா சார்?"

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். அனுப்பிடு."

படிவத்தில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கடிதம் தன் கைச்சரக்கானாலும், படிவக் கேள்விகளை அவரிடம் கேட்டுத்தான் நிரப்புவார் அக்கா.

"என்னை எத்தனை வருஷமாத் தெரியும்னு கேட்டிருக்கு, சார்."

"உன்னையா? ஒரு மூணு வருஷம் இருக்குமா? மூணுன்னு போட்டுடும்மா."

அக்கா படிவத்தில் மூன்று என்று தட்டினார். படிவம் ஒன்றும் கடிதம் வேறொன்றும் சொன்னால் விண்ணப்பத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். கடிதத்தை மறுபடி திறந்தார். 'பதினோரு' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, 'மூன்று' என்று அடித்தார்.