காற்றுக்கு வாய்க்கால் வெட்டியவர்

ஸ்டவ்வைப் பற்றவைக்குமுன் குணசேகரன் நாளிதழின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்து, பர்னர்களுக்கு நடுவே இருக்கும் கம்பிவலைமேல் பிடிக்கிறார். சுவிட்சைத் தட்டியதும் அடியில் மோட்டார் சுற்றுகிறது. காகிதம் நடுங்கி, மெல்லக் கீழே குனிகிறது. விரலை விடுகிறார். வலையில் ஒட்டிக்கொண்டால் “ம்” என்கிறார். நழுவி விழுந்தால் அதுவும் இல்லை. காகிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அரிசி களையப் போய்விடுகிறார்.

பாபநாசம் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை அவருடையது. ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமாகும் குறுவைக் காலங்களில் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் அவர் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும். மீட்டரை எல்லாம் பிறகுதான் எடுப்பார். முதலில் ஓடுகிற மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். “பேரிங் அழுவுது”, “தண்ணி இல்லாம ஓட்டிருக்கீங்க, தொண்ட வறண்டு கெடக்கு” என்று தீர்ப்பு வரும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதில் அவருக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துக்கொள்ளவும் தெரியாது.

அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் கொண்ட, ரயில்பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னால் கூடம், நடுவில் சமையலறை, பின்னால் படுக்கையறை, அதற்கப்பால் கொல்லை. சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. அந்த அறையில்தான் அவர் மனைவி மங்களாம்பிகை கல்யாணமான நாளிலிருந்து சமைத்தார். அதற்கு முன்பும் புகைதான். பிறந்த வீட்டில் உமி அடுப்பு மூட்டி வியாபாரத்துக்கு நெல் அவித்த குடும்பம்.

முதலில் இருமல் வந்தது. பிறகு மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். பிறகு ஏறுவதே நின்றுபோய், எனக்கான குழம்புக் கிண்ணத்தைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். தஞ்சாவூரில் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, இனி விரியாது, அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்றார். மங்களம் வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் உலை வைத்தார்.

“படுக்கையில போட்டீங்கன்னா அப்புறம் எந்திரிக்க மாட்டேங்க” என்றார் கணவரிடம். “நிக்க முடியற வரைக்கும் இங்கயே நின்னுட்டுப் போறேன். விடுங்க.”

குணசேகரன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மறுநாளே புகையை ஒழிக்கும் வழியைத் தேடத் தொடங்கினார். மஸ்கட்டில் இருக்கும் மகள் பிரகதீஸ்வரி, அடுப்புக்கு மேலே தொங்கவிடும் சாதாரண சிம்னியே போதும் என்றாள். அவர் ஒப்பவில்லை. “மேல இழுக்கற புகை யார் மூஞ்சியத் தாண்டிப் போவும்? நிக்கிறவ மூஞ்சியத் தாண்டித்தானம்மா? கீழ இழுத்துட்டா மூஞ்சிக்கே வராது.” அப்படி ஒன்று இருப்பதைக் கைப்பேசியில் பார்த்திருந்தார். அடுப்போடு அடுப்பாகப் பதிந்து, புகையை எழும்போதே கீழே இழுத்து, தரைக்கடியில் போகும் குழாய் வழியாக வெளியே தள்ளும் இயந்திரம்.

தஞ்சாவூர்க் கடைகளுக்கு அவர் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு பையில் இட்லிப் பானையும் குக்கரும் வாணலியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கடைக்காரர்கள் காகிதத்தை வைத்து இழுவையைக் காட்டினால், “காகிதமா சார் சமைக்கப் போறோம்?” என்று பானையை எடுத்து வெளியே வைப்பார். ஒரு கடையில் சிரித்தார்கள், ஒரு கடையில் வெளியே போகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கடையில் தண்ணீர் கொதிக்கவைக்க விட்டார்கள். வாணலியின் ஆவி அப்படியே வளைந்து வலைக்குள் போயிற்று. இட்லிப் பானையின் ஆவி வளையவில்லை. பானை உயரம், ஆவி அதன் வாயைத் தாண்டி மேலே போய்விட்டது. அவர் அதற்கும் கலங்கவில்லை. இயந்திரத்தோடு அகலமான குட்டைப் பாத்திரங்களாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

“மெஷினுக்குத் தக்கன பாத்திரமா? நல்லாருக்கு கூத்து” என்று மங்களம் சிரித்தார். சிரித்ததற்கு வெகுநேரம் இருமினார்.

பொருத்த வந்தவர் சித்தீக். தஞ்சாவூரில் சமையலறை வேலைகளுக்கு அவரைத்தான் சொல்வார்கள். தரையை உடைக்கவும் கிரானைட்டை வெட்டவும் வேண்டியிருந்ததால், “அக்காவ வேல முடியற வரைக்கும் வேற எங்கயாவது வைங்கண்ணே” என்றார். மங்களம் சுவாமிமலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார்.

குழாய் எங்கே வெளியே வர வேண்டும் என்பதில் இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. சமையலறையிலிருந்து நேராக விட்டால் கொல்லைச் சுவரில், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வரும். ஜன்னலைத் தள்ளிச் சுவரைச் சுற்றிக் கொண்டுபோய், கொல்லையை ஒட்டிய முடுக்குப் பக்கம் விடலாம் என்றார் சித்தீக். இரண்டு வளைவு வரும்.

“தம்பி, வாய்க்காலு ஒரு எடத்துல திரும்புனா தண்ணி அங்க சொணங்கும். காத்தும் அப்படித்தான். நேரா விடு.”

“ஜன்னல் இருக்கேண்ணே.”

“வெளிய போன பொக எங்கயோ கலைஞ்சு போவுது. எனக்கு உள்ள இழுக்கணும், அவ்வளவுதான்.”

நேராகவே விட்டார்கள். வேலை முடிந்ததாகத் தோன்றியதும் அவர் சுவாமிமலைக்குப் போய் மனைவியை அழைத்து வந்துவிட்டார். முதல் சமையல் அவள் கையால் என்பது அவர் ஆசை. வந்து பார்த்தால் இயந்திரம் ஒரு பக்கம் கல்லில் உட்காராமல் தூக்கிக்கொண்டிருந்தது. கல்லை இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும், தூசி எழாமல் தண்ணீர் விட்டு வெட்டும் கருவியோடு இன்னொரு நாள் வருகிறேன் என்றார் சித்தீக்.

“ஒரு விரக்கட. அதுக்கு இன்னொரு நாளா? இப்பவே தட்டிவிட்ரு.”

மனைவியைப் பின்னறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்தார். போதாதென்று புது இயந்திரத்தை முழு வேகத்தில் போட்டார். மோட்டாரில் தூசி ஏறிவிடும், நிறுத்துங்கள் என்று சித்தீக் பதறினார்.

“ஏறட்டும். கெட்டுப்போனா காயிலு நான் கட்டிக்கறேன். ஒரு பொட்டு தூசி வீட்டுக்குள்ள நிக்கக் கூடாது.”

நிற்கவில்லை. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேடிலிருந்து பொங்கிய வெள்ளைத் தூசி கயிறாகத் திரிந்து வலைக்குள் இறங்கிற்று. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. “பாருங்க சார், பாருங்க” என்றார். வேலை முடிந்ததும் சாக்கை உருவிக் கதவைத் திறந்தார்.

உள்ளே மங்களம் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். குழாய் வாய்க்கு மேலே இருந்த ஜன்னல் திறந்திருந்தது. அதன் கட்டையிலும் தலையணையிலும் அவர் தலைமயிரிலும் மாவு சலித்தது போல வெள்ளை படிந்திருந்தது. குரல் எழும்பவில்லை. வெட்டும் சத்தத்தில், அவர் கதவைத் தட்டியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பி வந்தபோது கூடவே ஒரு ஆக்சிஜன் இயந்திரமும் வந்தது. மூக்கில் குழாய். அதோடு தீயின் பக்கம் போகவே கூடாது. இந்த நோய் எப்படியும் இந்த இடத்துக்குத்தான் வந்திருக்கும், கொஞ்சம் முன்பின் ஆகியிருக்கும் என்று மருத்துவர் கணவரிடம் பொறுமையாகச் சொன்னார். “டாக்டரு நல்ல மனுசன், சார்” என்றார் குணசேகரன் என்னிடம். ஜன்னலை அவர் திறந்து வைத்ததைப் பற்றியோ, இவர் மோட்டாரைப் போட்டதைப் பற்றியோ அந்த வீட்டில் ஒரு சொல் விழுந்து நான் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் அவரே சுவரை உடைத்துக் குழாயைச் சுற்றிவிட்டு, வாயை முடுக்குப் பக்கம் மாற்றினார். இரண்டு வளைவு விழுந்தது. இழுவை பாதியாயிற்று. சித்தீக் எப்போதாவது அந்த வழியாக வந்தால் வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போகிறார். உள்ளே கூப்பிட்டாலும் வருவதில்லை.

கடையை அவர் அரைநாள்தான் திறக்கிறார். போன மாதம் ஒரு விவசாயி மோட்டாரைக் கொண்டுவந்து ஓடவிட்டபோது நான் இருந்தேன். வழக்கம்போல உள்ளங்கையை வைத்தார், கண்ணை மூடினார். விவசாயி காத்திருந்தார். “எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க. கும்பகோணத்துல காட்டிப் பாருங்க” என்று கையை எடுத்துவிட்டார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் காது பின்னறையில்தான். ஆக்சிஜன் இயந்திரம் மூச்சு விடுகிற தாளம் சற்றே பிசகினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறார். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும், அவரே பொருத்தியதுதான். ஆனாலும் ஓடுகிறார்.

சமையல் முழுக்க அவர்தான். கற்றுக்கொண்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. மனைவியிடம் போய்க் கேட்டுக் கேட்டுச் செய்தார் கொஞ்ச நாள். பதில் சொல்ல மூச்சு செலவாகிறதே என்று அதையும் விட்டுவிட்டார்.

நேற்று நான் போனபோது ரசம் வைத்துக்கொண்டிருந்தார். கடுகு வெடித்தது. பெருங்காய டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளித்ததைக் கொட்டினார். பின்னறையிலிருந்து குரல் வந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சோடு.

“தாளிச்சாச்சா?”

“ஆச்சு மங்களம்.”

“வாசனையே… காணும்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, கொதிக்கும் ரசத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஆவி போகாமல் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பின்னறைக்குப் போனார். கை சுட்டிருக்கும். கட்டிலருகே குனிந்து, மூக்குக் குழாய்க்குப் பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக் கையை எடுத்தார்.

மங்களம் கண்ணை மூடி இழுத்துப் பார்த்தார். தோள்தான் ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“பெருங்காயம்… தூக்கலா இருக்கே.”

“ஆமா” என்றார் குணசேகரன். “கொஞ்சம் கூடிப்போச்சு.”

கிண்ணத்தில் இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவர் மறுபடியும் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடினார்.