யோகமலர் கேட்காமல் விட்ட பஸ்

யோகமலருக்கு வாயில்லை என்று ரொறன்ரோவின் டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களில் யாரும் சொல்லமாட்டார்கள். லிஃப்ட் பழுதானால் மனேஜரின் கதவைத் தட்டுகிறவள் அவள். சொத்தைக் கத்தரிக்காயைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்து நல்லதாக வாங்கி வருகிறவளும் அவள்தான். அப்படிப்பட்டவளுக்குத்தான் கதைக்கவேண்டிய நாளில் வாய் அடைபட்டுப்போனது.

சாவகச்சேரியில் பிறந்து, தையல் படித்து, இரத்தினவேலைக் கட்டினாள். அவன் முதலில் கனடாவுக்கு வந்து றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினான். அவள் மகள் நிலாணியோடு கொழும்பு லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்துக் கிடந்தாள். பொலிஸ் எந்த நேரமும் வரும். சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று சொல்லியே பிள்ளையை வளர்த்தாள். பிள்ளை அதை நன்றாகப் பாடமாக்கிக்கொண்டது.

ரொறன்ரோவுக்கு வந்தபிறகும் அது வாய் திறக்கவில்லை. மாடிக் கட்டடங்களுக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அந்த மாடிகளின் பிள்ளைகள்தான். வகுப்பறை போதாமல் வளவுக்குள் போர்ட்டபிள் என்கிற பெட்டி வகுப்பறைகளை இறக்கி, இங்கிலிஷ் தெரியாத பிள்ளைகளை எல்லாம் ஒன்றுக்குள் போட்டிருந்தார்கள். நிலாணியிடம் ரீச்சர் ஏதாவது கேட்டால் பக்கத்துப் பிள்ளை அவளுக்காகப் பதில் சொல்லிவிடும். ஒரு வருஷம் அப்படியே போனது. பிள்ளைக்கு மூளை கொஞ்சம் மந்தம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

மாடிப் பிள்ளைகள் ஒரு பக்கம், சொந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரிந்து படிப்பது சரியில்லை என்று கல்விச் சபைக்கு எப்படியோ ஞானம் பிறந்தது. மில்லிக்கன் பக்கம், வீடுகளுக்கு நடுவே இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு மஞ்சள் பஸ் விட்டார்கள். யோகமலர்தான் முதல் ஆளாய்ப் பிள்ளையை ஏற்றினாள். அங்கே நிலாணிக்காகப் பதில் சொல்ல யாருமில்லை. பக்கத்தில் இருந்தவளோ ஓயாமல் கேள்வி கேட்கிற ஒரு சீனப் பெண். வேறு வழியில்லாமல் நிலாணி கதைத்தாள். பிறகு நிறுத்தவே இல்லை. பஸ்ஸால் இறங்கினால் வீட்டுக் கதவு வரைக்கும் ஒரே கதை. யோகமலர் குசினிக்குள் நின்று சந்தோஷத்தில் அழுதாள்.

அடுத்த தேர்தலோடு மாகாணத்தில் ஆட்சி மாறியது. பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த காசை வெட்டினார்கள். கோடையோடு பஸ் நிற்கும், பெற்றோர் வந்து கருத்துச் சொல்லலாம் என்று கல்விச் சபை அறிவித்தது.

கட்டடத்துத் தமிழர் கூடிப் பேசினார்கள். சச்சிதானந்தன் ஊரில் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர். இங்கிலிஷ் தேவைப்பட்டால் எல்லோருக்கும் அவர்தான்.

"பஸ் வேணும் எண்டு ஒரு வசனம் சொன்னாக் காணும்தானே அண்ணை? என்ர பிள்ளை அங்க போய்த்தான் கதைச்சவள். நானே சொல்லுறன்" என்றாள் யோகமலர்.

"எடுத்த எடுப்பில போய்க் கேக்கிறது வடிவில்லைத் தங்கச்சி. முதல்ல அவையைக் கௌரவிப்பம். பிறகு கேட்டால் மறுக்கமாட்டினம்."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. வெறுங்கையோடு போய்க் கேட்டு நமக்குப் பழக்கமில்லையே. ஜெராட் வீதிக்குப் போய், சிவப்புக் கரை போட்ட நல்ல பொன்னாடை ஒன்றை அவளே தேடி வாங்கினாள். அப்படியிருந்தும் அந்த ஒரு வசனத்தை இங்கிலிஷில் பாடமாக்கி வைத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு நிலாணியையும் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்தினாள். சச்சிதானந்தன் எழுந்தார். அகதியாய் வந்த எங்களை அணைத்த நாடு, இந்த மண்ணின் தாராளம், கல்விச் சபையின் பெருந்தன்மை என்று அவர் அடுக்க அடுக்க நேரம் ஓடியது. பிறகு யோகமலர் மேடைக்குப் போய், தலைமை தாங்கிய வெள்ளைக்கார அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினாள். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

"மெயின் பொயின்ற் இனித்தான்..." என்று சச்சிதானந்தன் இழுத்தார். நேரம் முடிந்துவிட்டது என்று சிரித்தபடியே அவரை உட்காரச் சொன்னார்கள்.

அந்த அம்மா மட்டும் யோகமலரின் கையை விடவில்லை. நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று மெதுவாகக் கேட்டாள். வசனம் நாக்கு நுனியில் நின்றது. யோகமலர் சச்சிதானந்தனைப் பார்த்தாள். வந்து இரும் என்று அவர் கையால் காட்டினார். போர்த்திய கையோடேயே கேட்பதா என்று அவளுக்கும் கூச்சமாயிருந்தது. சிரித்தபடி தலையாட்டி இல்லையென்றுவிட்டு இறங்கி வந்தாள்.

அடுத்து வந்தவர்கள் சொந்த வீடுகளில் இருக்கிற பெற்றோர். தங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிற பஸ்ஸையும் வெட்டப்போகிறார்கள் என்று கத்தினார்கள். ஒருவர் மேசையில் அடித்தார், ஒருத்தி அழுதாள். யாரும் யாருக்கும் எதுவும் போர்த்தவில்லை. அந்த பஸ் தப்பியது. மாடிப் பக்கத்து மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள், எவ்வளவு அன்பான மனிதர்கள் என்று சொல்லி மற்ற பஸ்ஸை நிறுத்தினார்கள். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. ஆனால் யாரைத் திட்டுவது?

எல்லோரும் போகிற ரவுண் பஸ்ஸில் தானே கூட்டிப்போகலாம் என்று யோகமலர் யோசித்தாள். பள்ளி விடுகிற நேரத்தில்தான் பிஸ்கற் ஃபக்ரறியில் அவளுக்கு ஷிஃப்ட் தொடங்கும். இரத்தினவேலுக்கோ இரண்டு வேலை. செப்ரெம்பரில் நிலாணி பழைய போர்ட்டபிளுக்கே திரும்பினாள்.

முதல் சில கிழமை ஒன்றும் தெரியவில்லை. பிறகு கதை குறைந்தது. குளிர் தொடங்குமுன் வீட்டிலும் தலையாட்டத் தொடங்கினாள். சோறு வேணுமா என்றால் ஒரு ஆட்டு, வேண்டாமா என்றால் இன்னொரு ஆட்டு. ஒருநாள் யோகமலருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"ரீச்சர் கேட்டால் வாய் திறந்து சொன்னால் என்ன குறைஞ்சு போகும்? அங்க அவ்வளவு கதைச்சனிதானே. இப்ப என்ன வந்தது உனக்கு?"

நிலாணி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். கோபமோ குற்றச்சாட்டோ இல்லாத குரலில் சொன்னாள்.

"அந்த லேடி உங்களையும் கேட்டவாதானே அம்மா. நீங்களும் ஒண்டும் சொல்லேல்லை."