லூர்துவுக்குப் போர்த்திய பொன்னாடை

லூர்து இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் பதினாறு வருடம் றக்பி லீக் ஆடினான். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடுகிற அந்த விளையாட்டில் பந்தோடு ஓடுகிறவனுக்குத்தான் பெயர். லூர்து ஓடுகிறவன் இல்லை. ஓடி வருகிறவனின் இடுப்பைக் கட்டிப்பிடித்து விழுத்துகிறவன். விழுத்திவிட்டு எழும்பி அடுத்தவனை விழுத்த வேண்டும். எண்பது நிமிடமும் அதே வேலைதான். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்தது மொத்தமாக மூன்று தடவை. அதிலும் ஒன்று மழைக்குள் வழுக்கிக்கொண்டு போனது!

ஆனாலும் பயிற்சிக்கு ஒருநாள் பிந்தி வந்தான் என்று எவனாவது சொல்லட்டும் பார்ப்போம். சனிக்கிழமை ஆட்டத்தில் விரல் வீங்கினாலும், திங்கட்கிழமை ஒரேத்தோ தெருவில் தான் வேலை செய்கிற சின்யோரா அம்மாவின் வீட்டு ஜன்னல்களைத் துடைக்கப் போய்விடுவான். ஒரேயொரு முறை இத்தாலி அணிக்கான தெரிவுக்குக் கூப்பிட்டார்கள். போனான். மத்தியானச் சாப்பாடு கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கடைசிக் கதையைத்தான் பாவி மனிதன் ஒழுங்காகச் சொல்லவில்லை. முழங்கால் பழுதாகி அவன் விளையாட்டை விட்டதும், எங்கள் கோயில் பங்கிலே விழா என்றால் முன்னுக்கு நிற்கிற பீலிக்ஸ் வந்து, "இத்தாலிக்கும் விளையாடினனீராமே, மெய்யோ?" என்று கேட்டான்.

"கூப்பிட்டவை," என்றான் லூர்து.

பொய்யில்லை. மிச்சத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. எங்கள் ஆட்களிடம் அரைவாசிக் கதையைக் கொடுத்தால் மற்ற அரைவாசியை அவர்களே நிரப்பிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

போர்கோ வெக்கியோக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் பாராட்டு விழா. லூர்துவின் அணித் தலைவன் சல்வோவும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க லூர்துவின் மகள் துசானி முன்வரிசையில் அவன் பக்கத்தில் இருந்தாள். பதின்மூன்று வயது.

பீலிக்ஸ் மைக்கைப் பிடித்தான். "இத்தாலிய தேசிய அணியின் தூண்! உலகக் கிண்ணம் வரை சென்ற மன்னாரின் மைந்தன்!"

லூர்துவுக்குக் காது சுட்டது. ஐயோ, எழும்பிச் சொல்லடா என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் எழும்பவில்லை. தோளில் பொன்னாடை விழுந்தது. சனம் கைதட்டியது.

சல்வோ துசானியிடம் குனிந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான். தெரிவில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த கதையை வீட்டில் லூர்துவே சிரித்துச் சிரித்து அவளுக்குச் சொல்லியிருந்தான். அவள் தகப்பனை ஒருமுறை பார்த்தாள். பிறகு சிசிலிக்காரப் பிள்ளைகள் பேசுகிற அதே இத்தாலியனில் சொன்னாள்: அப்பா ஒரு பயிற்சியையும் தவறவிட்டதில்லையாம். விழுந்தால் உடனே எழும்புவாராம். அவர் பக்கத்தில் நின்றால் மற்றவர்களுக்குப் பயமே இல்லையாம்.

மேடையில் இருந்த லூர்துவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

சல்வோவின் கண் கலங்கிவிட்டது. துள்ளி எழும்பி, "வேறோ! வேறோ!" என்று கத்திக் கைதட்டினான். மெய்தான், மெய்தான் என்று அவன் சொல்வது பலெர்மோவில் வேலை செய்கிற சனத்துக்கு விளங்காதா?

"பாத்தியளோ, கப்டனே சொல்லுறான்!" என்று பீலிக்ஸ் குதித்தான். மண்டபம் அதிர்ந்தது. "இரண்டு வார்த்தை கதையும், லூர்து!"

மைக் கைக்கு வந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். "எல்லாருக்கும் நன்றி," என்றுவிட்டு இருந்துவிட்டான். அவனுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் துசானி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, சல்வோவுக்கு நான் சொன்னது பொய்யோ?"

"இல்லைப் பிள்ளை. நீ சொன்னதுதான் மெய்."

"அப்ப அதை ஏன் நீங்கள் மைக்கிலை சொல்லேல்லை? அது போதாதோ?"

லூர்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மகளின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.