மேலாளர் பையிலிருந்த சாவி

டெமா துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை எங்களுடையது. அஜேலே அக்கா அங்கே பத்தொன்பது வருஷமாகச் சூரை மீன் அறுக்கிறாள். நான் எடை போடுகிறவன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மேலாளர் ஒஃபோசுவைப் பற்றியும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. வாய் கசக்கிறது.

ஒஃபோசு வந்ததும் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த பனியன் கொடுத்தான். காலைப் பிரார்த்தனைக்குத் தாமதமாக வருபவர்கள் வெளியே நிற்கட்டும் என்று ஆறரைக்கு வாசலைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வான். காவலாளி அசூமாவை நம்பிக்கூடத் தரமாட்டான்.

ஒருநாள் பிரார்த்தனைப் பாட்டு நடுவே குளிரறைக் குழாய் வெடித்து அமோனியா வாயு கிளம்பியது. கண்ணெரிச்சலோடு நூற்றுப்பத்துப் பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். ஒஃபோசு தன் அறையின் பின்கதவு வழியாகப் போய்க் காரேறிவிட்டான். போகும்போது அந்தக் கதவையும் பூட்டிக்கொண்டு போனான், மகராசன்.

அக்கா தலைத்துணியைத் தண்ணீரில் முக்கினாள். "எல்லாரும் இப்படி நனைச்சு மூக்கப் பொத்துங்கடி. யாரும் தள்ளாதீங்க. மாசமா இருக்கறவங்க முன்னால வாங்க."

வெளியே நின்ற அசூமா கடப்பாரையால் பூட்டை உடைத்தான். யாரும் சாகவில்லை.

மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: ஆலைச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக அசூமா வேலைநீக்கம். நாலு பிள்ளைக்காரன்.

வெள்ளிக்கிழமை ஊழியர் தர்பார், ஆலையில் எல்லாரையும் கூட்டி வைத்து நடத்தும் கூட்டம். 'நெருக்கடியில் தலைமை' பற்றி ஒஃபோசு ஒரு மணி நேரம் பேசினான். அடுத்து, சிறந்த ஊழியர் பரிசாக அக்காவுக்கு ஒரு ஃபிரிட்ஜ் என்று அறிவித்தான். "ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா, போதும்" என்று மைக்கைக் கொடுத்தான்.

"ஃபிரிட்ஜு அழகாத்தான் இருக்கு சார். ஐஸ் தண்ணி வித்துப் பொழைக்கலாம்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை" என்றாள் அக்கா. "ஆனா அன்னிக்குச் சாவி எங்க இருந்துச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"உங்க பையில சார். அசூமா கையில இருந்திருந்தா கடப்பாரை எதுக்கு?"

ஒஃபோசு சிரித்துக்கொண்டே கூட்டத்துக்கு வரவழைத்திருந்த வாத்தியக்காரர்களுக்கு வாசிக்கச் சொல்லிக் கை காட்டினான். முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

திங்கட்கிழமை ஆறரை. வாசல் திறந்திருந்தும் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. பாட்டுப் புத்தகத்தோடு ஒஃபோசு தனியாக நின்றான்.

"வாங்கம்மா, பிரார்த்தனைக்கு நேரமாச்சு."

"அசூமா இன்னும் வரல சார். குடும்பம்னு சொன்னீங்களே, அவன் வந்ததும் சேர்ந்தே வர்றோம்" என்றாள் அக்கா.

லாரிகளில் மீன் இளகி நாறத் தொடங்கியது. பத்து மணிக்கு அசூமாவை வேலைக்குக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள்.

அடுத்த மாதம் தலைநகர் அக்ராவில் ஒரு ஓட்டலில் நடந்த மேலாளர்கள் கூட்டத்தில், தான் ஊழியர் பேச்சுக்குக் காது கொடுத்து ஆலையைக் காப்பாற்றிய கதையை ஒஃபோசு சொன்னானாம். எழுந்து நின்று கைதட்டினார்களாம். கேட்டதும் காறித் துப்பினேன்.

வாசல் சாவி இப்போது அசூமாவின் இடுப்பில் இருக்கிறது. அக்காவுக்கென்று அறிவித்த ஃபிரிட்ஜ் இன்னும் ஒஃபோசுவின் அறையிலேயே இருக்கிறது, அதில் அவன் தண்ணீர் குளிரவைத்துக் குடிக்கிறான்.